கால அட்டவணை எங்கே ஒழுகுகிறது? தொடக்கப் பள்ளி வகுப்புக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தொடக்கப் பள்ளி வகுப்புக்கு அன்றாடக் கால அட்டவணை போடுவது பெரிய வேலையில்லை. ஒரு காகிதம், ஒரு அடிக்கோல், அரை மணி நேரம். அது இரண்டாவது வாரத்தில் கந்தலாகும்போதுதான் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது. அப்போது நாம் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: எந்தப் பாடவேளையில் கலாட்டா நடக்கிறதோ அதைத் தூக்கி வேறு இடத்தில் வைப்போம், கலாட்டாவும் கூடவே கிளம்பி வரும், இல்லை பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு அங்கே புதிதாக வந்த பாடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூரையில் ஓடு உடைந்த இடம் ஒன்று, தண்ணீர் சொட்டுகிற இடம் இன்னொன்று. வகுப்பிலும் அப்படித்தான், அறிகுறி தெரிகிற கட்டத்துக்கு முந்தைய கட்டத்தில்தான் அநேகமாகக் கோளாறு இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அதற்கு முன்னால், மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு பாடவேளைக்கும் இரண்டு நேரம் எழுதுங்கள்: அட்டவணைப்படி தொடங்க வேண்டிய நேரம், கடைசிப் பிள்ளையும் நோட்டைத் திறந்து வேலையை ஆரம்பித்த நேரம். கடைசிப் பிள்ளை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன், ஏனென்றால் முன் வரிசையில் நாலைந்து பேர் தயாரானதுமே பாடம் தொடங்கிவிட்டதாக நாம் நம்பிக்கொள்கிறோம். நான் முதன்முறை இப்படி எழுதிப் பார்த்தபோது 10:20க்குத் தொடங்க வேண்டிய கணக்கு 10:29, 10:31, 10:28 என்று வந்தது. கணக்குக்கு 40 நிமிடம் போதவில்லை என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு 40 நிமிடம் கிடைக்கவே இல்லை, கிடைத்தது 30 சொச்சம்.

இந்த நோட்டு இல்லாமல் கீழே உள்ள எதையும் முயற்சி செய்ய வேண்டாம். ஞாபகத்தை நம்பிப் போட்ட அட்டவணைதானே இப்போது கந்தலாகி நிற்கிறது?

அறிகுறி: காலையில் முதல் பாடம் தொடங்கவே அரை மணி ஆகிறது

முதலில் பாருங்கள், அந்த அரை மணியில் உங்கள் மேஜையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்? வருகைப்பதிவு, வீட்டுப்பாட நோட்டு, வீட்டிலிருந்து வந்த கடிதம், பென்சில் கொண்டு வராதவன், பல் விழுந்ததைக் காட்ட வந்தவள், எல்லாமே ஒரே ஆள் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அந்த ஆள்தான் அடைப்பு. அதாவது நீங்கள்.

உங்களைத் தொடாமல் நடக்கக்கூடியதை எல்லாம் வெளியே தள்ளுங்கள். வீட்டுப்பாட நோட்டு கதவருகே உள்ள கூடையில் விழட்டும். பெயர் அட்டைகளைச் சுவரில் இடது பக்கம் மாட்டி வையுங்கள், உள்ளே வருகிற பிள்ளை தன் பெயரைத் தேடி வலது பக்கம் மாற்றட்டும், இடது பக்கம் மிஞ்சியவர்கள் வரவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுவே வாசிப்புப் பயிற்சியும்கூட, ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு அவர்கள் யோசிப்பதைப் பார்த்தால் தெரியும்.

அப்புறம், அவர்கள் வருவதற்கு முன்பே கரும்பலகையில் வேலை இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: புதுசாக ஏதாவது எழுதிப் போடுவார்கள், பத்துப் பேர் "டீச்சர், இது புரியல" என்று மேஜைக்கு வந்து நிற்பார்கள், பழைய கதைதான். நேற்றையது, போன வாரத்தையது, இவ்வளவுதான் எழுத வேண்டும். ஐந்து கணக்கு, அல்லது மூன்று வாக்கியம், முடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவில். இது நேரத்தைப் போக்குகிற வேலை இல்லை. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்ப்பது நன்றாக நிற்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிவிட்டார். தினமும் காலை பத்து நிமிடம் பழசைத் தொடுவதற்கு இதைவிட நல்ல இடம் அட்டவணையில் கிடையாது.

அறிகுறி: ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சந்தைக்கடை ஆகிவிடுகிறது

இதுதான் பெரிய ஓட்டை. ஒரு நாளைக்கு 8 முறை மாறுகிறோம், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொண்டால் 40 நிமிடம். வாரத்துக்கு 200 நிமிடம், 3 மணி 20 நிமிடம். ஒரு முழுப் பாடத்தையே வாரா வாரம் தரையில் கொட்டுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்து 1970ல் முடிவுகளை வெளியிட்டார். அடக்கமான வகுப்பு வைத்திருக்கிற ஆசிரியர்களும் அடங்காத வகுப்பு வைத்திருக்கிறவர்களும் கண்டிக்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலில்லாமல் கொண்டு போவதில்தான் வித்தியாசம் இருந்ததாம். பாதிப் பேர் நோட்டை மூடிக்கொண்டிருக்கும்போது "ஆமா, இன்னிக்கு யார் வரல?" என்று நாமே கேட்டுக் குழப்புகிறோமே, அந்த மாதிரித் தடங்கல்களைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாறும் நேரத்தில் ஒன்றும் பேசாமல் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள். நான் பார்த்தவன் மொழிப்பாட நோட்டைப் பைக்குள் வைக்கப் போனான், பை நிறைந்திருந்தது, சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தான், நோட்டை வைத்தான், கணக்கு நோட்டு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது, இழுத்தான், டப்பா கீழே விழுந்தது, பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், இவன் அவள் பென்சிலைத் தட்டிவிட்டான், அவள் எழுந்து என்னிடம் வந்தாள். நான்கு நிமிடம். இதில் எங்கே ஒழுக்கக்கேடு? பை பிரச்சினை.

ஆகவே, வரிசையாகப் பாருங்கள். பொருள் பிரச்சினையா என்று முதலில்: மதியம் வரைக்கும் வேண்டிய நோட்டுகள் காலையிலேயே பையை விட்டு வெளியே, மேஜைக்கு அடியில் அடுக்கி இருக்கட்டும், பை பக்கம் யாரும் போக வேண்டாம். இடப் பிரச்சினையா என்று அடுத்து: முப்பது பேரும் ஒரே அலமாரிக்கு ஓடினால் முட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள், வரிசைக்கு ஒருவர் போய் எல்லோருக்கும் எடுத்து வரட்டும். மூன்றாவது, அடுத்து என்ன செய்வது என்று தெரியாத பிரச்சினை, இது நம்முடையது. "நோட்டை எடுங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எடுக்கும்வரை சும்மா நின்றால், முதலில் எடுத்தவர்களுக்கு வேலை இல்லை, அவர்கள்தான் கூச்சலைத் தொடங்குகிறார்கள். "கணக்கு நோட்டு, பக்கம் 34, முதல் கணக்கு" என்று பலகையில் எழுதிவிட்டு அப்புறம் எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

பருவத் தொடக்கத்தில் முதல் இரண்டு வாரம் மாறுவதையே ஒரு பாடமாக நடத்துங்கள். கடிகாரம் வைத்து, நேற்று 4 நிமிடம் ஆனது இன்று எவ்வளவு என்று. சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. 90 விநாடிக்கு வந்துவிட்டால் போதும், அதற்கு மேல் குறைக்கப் பார்த்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லையா? அப்படியானால் மாறும் முறைகளே அதிகம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள வாசிப்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே நீண்ட கட்டமாக்குங்கள். நீண்ட கட்டம் என்றால் ஒரு மணி நேரம் நீங்கள் பேசுவது என்று அர்த்தமில்லை. தரையில் கூடி உட்கார்ந்து 10 நிமிடம் கேட்பது, இடத்துக்குப் போய் 20 நிமிடம் எழுதுவது, பக்கத்தவருக்கு வாசித்துக் காட்டுவது, மறுபடி கூடுவது, இப்படி உடம்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நோட்டு மட்டும் மாறாது.

அறிகுறி: சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே ஓடவில்லை

இரண்டு நோய்க்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். தூங்கி வழிகிறார்களா, கொதித்துக்கொண்டு வருகிறார்களா?

கொதித்து வந்தால், சாப்பாட்டு இடைவேளையில் எது முதலில் என்று பாருங்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் விளையாட்டு என்று இருந்தால் பாதிச் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவார்கள், வியர்வையும் சண்டையுமாக நேரே வகுப்புக்குள் வருவார்கள். விளையாடிவிட்டுச் சாப்பிட வைத்தால் சாப்பிடும் நேரமே ஆறும் நேரமாகிவிடும். வரிசையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்றால் (பெரும்பாலும் இருக்காது), உள்ளே வந்ததும் பத்து நிமிடம் கதை வாசியுங்கள், விளக்கைக் குறைத்து, கேள்வி எதுவும் கேட்காமல். தலையை மேஜையில் சாய்த்துக்கொண்டு கேட்கட்டும். பத்து நிமிடம் வீண் என்று தோன்றும், உங்கள் நோட்டைப் பார்த்தால் நேற்று இதே இடத்தில் 15 நிமிடம் போயிருப்பது தெரியும்.

தூக்கம் என்றால் எழுத்து வேலையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அளப்பது, வெட்டி ஒட்டுவது, நின்றுகொண்டு செய்வது எதையாவது வையுங்கள்.

கஷ்டமான பாடம் எல்லாம் காலையில் என்பது பழைய விதி. அதில் உண்மை உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் கொஞ்சமாகத்தான். டென்மார்க் பள்ளிகளின் சுமார் 20 லட்சம் தேர்வு முடிவுகளை அலசி 2016ல் ஒரு ஆய்வு வந்தது. ஒவ்வொரு மணி நேரம் தள்ளித் தேர்வு வைக்கும்போதும் மதிப்பெண் சற்றே இறங்கியது, 20 முதல் 30 நிமிட இடைவேளைக்குப் பிறகு ஏறியது. இறங்கிய அளவும் ஏறிய அளவும் சிறியவைதான், ஆனாலும் ஓர் இடைவேளை தந்த ஏற்றம் ஒரு மணி நேர இறக்கத்தைவிட அதிகம். என் கணக்கில் இதற்கு அர்த்தம், கணக்கைக் காலைக்குத் தள்ள முடியவில்லையே என்று அழ வேண்டாம், ஒரு இடைவேளைக்கு அடுத்தாற்போல வையுங்கள், அது மதியமானாலும் சரி.

அறிகுறி: மூன்று வாரமாக அறிவியல் நடக்கவில்லை

அறிவியலோ, ஓவியமோ, எதுவோ, நாளின் கடைசிக் கட்டத்தில் இருப்பதுதான் சாகும். ஏனென்றால் காலையிலிருந்து சேர்ந்த தாமதம் எல்லாம் அங்கே போய் விழுகிறது. முதல் பாடத்தில் 10 நிமிடம், மூன்றாவதில் 8 நிமிடம், கடைசியில் வாய்க்கால் வறண்டுவிடும்.

நடுவில் ஒரு தேக்கம் வேண்டும். சாப்பாட்டுக்கு முன் 15 நிமிடம் எந்தப் பாடத்தின் பெயரும் இல்லாமல் விடுங்கள், காலைத் தாமதம் அதோடு அங்கேயே தீரட்டும். தாமதம் இல்லாத அதிர்ஷ்ட நாளில் தாங்களாக வாசிக்கட்டும். முடியாத வேலைக்கு ஒரு தட்டு வையுங்கள். "முடிச்சிட்டுத்தான் அடுத்தது" என்ற பிடிவாதம்தான் பாதித் தாமதத்துக்குக் காரணம், எட்டுப் பேர் முடிக்கவில்லை என்பதற்காக இருபத்திரண்டு பேர் காத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம், அறிவியலுக்குத் தினமும் 25 நிமிடம் வைத்திருந்தால் அதுவே தப்பு. பொருட்களைப் பரப்பவும் எடுத்து வைக்கவும் 15 நிமிடம் போகிற பாடத்தை வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 60 நிமிடமாக வையுங்கள். வாய்ப்பாடும் வாசிப்பும் இதற்கு நேர் எதிர், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

அறிகுறி: "எப்ப சாப்பாடு? எப்ப விடுவீங்க?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கிறார்கள்

கேட்பது அடங்காத்தனம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு "இன்னும் இருபது நிமிஷம்" என்பது வெறும் சத்தம். உங்கள் அட்டவணை உங்கள் கையில் இருக்கிறதே தவிர அவர்கள் கண்ணில் இல்லை.

அட்டை அட்டையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் படமும் இரண்டு சொல்லும் எழுதி, மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். ஓரத்தில் ஒரு துணிக் கிளிப். ஒரு வேலை முடிந்ததும் அன்றைய பொறுப்பாளப் பிள்ளை எழுந்து போய்க் கிளிப்பை ஒரு அட்டை கீழே இறக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பரவலாகப் பயன்படுத்தும் முறை இது, ஆனால் எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேளுங்கள், நாள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் நிம்மதிதான். பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள், உங்கள் கண் மட்டத்தில் இல்லை. ஒரு வேலைக்குள்ளேயே நேரம் காட்ட மணல் கடிகாரம் போதும்.

அட்டவணையில் இல்லாதது ஏதாவது வந்தால் அதற்கென்று சிவப்பு ஓரம் போட்ட ஒரு வெற்று அட்டை வைத்திருங்கள், காலையிலேயே அதில் எழுதி அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். திடீர் மாற்றத்தில் உடைந்து அழுகிற பிள்ளைக்கு இது பெரிய உதவி.

அறிகுறி: ஒரே ஒரு பிள்ளை, தினமும் ஒரே நேரத்தில்

என் வகுப்பில் ஒருவன் தினமும் 11:40 வாக்கில் தலையை மேஜையில் போட்டுக்கொள்வான். கணக்கு வேளை. கணக்கு பயம் என்று முடிவு கட்டி, தனியாகச் சொல்லிக் கொடுத்து, வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். வேறு ஏதோ காரணத்துக்காகக் கணக்கைக் காலைக்கு மாற்றியபோது அதில் நன்றாகவே உட்கார்ந்தான். 11:40க்கு மொழிப்பாடத்தில் தலை விழுந்தது. அவன் வீடு தூரம், விடிகாலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புகிறவன், பசி. முற்பகல் இடைவேளையை 20 நிமிடம் முன்னால் இழுத்து, அதில் எல்லோரும் ஏதாவது கொறிக்கலாம் என்றதும் தீர்ந்தது. இரண்டு மாதம் நான் அவனுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை எளிது: இரண்டு பாடங்களை ஒரு வாரத்துக்கு இடம் மாற்றுங்கள். பிரச்சினை பாடத்தோடு போனால் பாடத்தில் கோளாறு. நேரத்தோடு தங்கினால் உடம்பில், அதாவது பசி, கழிப்பறை, தூக்கம், மருந்து நேரம். இரண்டும் இல்லாமல் அடுத்து வருவதைக் கண்டு பயப்படுகிறதா என்றும் பாருங்கள், மைதானத்தில் அடிக்கிற ஒருவன் இருந்தால் இடைவேளைக்கு முந்தைய பாடத்தில்தான் வயிறு வலிக்கும்.

அறிகுறி: இடைவேளை விட்டும் அடங்குவதில்லை

யார் அடங்கவில்லை என்று பெயர் எழுதுங்கள். முடிக்காத வேலைக்காக இடைவேளையில் உள்ளே உட்கார வைத்தவர்கள்தானே? அசைந்தே ஆக வேண்டியவர்களைத்தான் நாம் கட்டிப்போடுகிறோம். தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையைப் பிடுங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2013ல் எழுத்திலேயே சொல்லிவிட்டது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிடம் வெளியே விடுவது வழக்கம். நமக்கு அவ்வளவு கிடைக்காது, சரி, இருக்கிறதையாவது தொடாமல் விடலாம்.

எல்லா அறிகுறியும் இருக்கிறது என்றால்

ஒட்டுப் போடாமல் புதிதாகப் போடுங்கள், ஆனால் பாடத்திலிருந்து தொடங்க வேண்டாம், கழித்தலிலிருந்து தொடங்குங்கள். பள்ளி நேரம் 6 மணி என்றால் 360 நிமிடம். சாப்பாடு 40, இரண்டு இடைவேளை 30, மிச்சம் 290. மாறும் நேரம் 8 முறை, எட்டைந்து 40 (இதற்கு நேரமே போகாது என்று நடிக்க வேண்டாம்), மிச்சம் 250. காலை நுழைவு 15, மாலை கிளம்பல் 10, மிச்சம் 225. தேக்கத்துக்கு 15. கையில் நிற்பது 210 நிமிடம், மூன்றரை மணி நேரம்.

மைதானம், பொது அறை, வேறு ஆசிரியர் வந்து எடுக்கும் வகுப்பு என்று உங்களால் அசைக்க முடியாதவற்றை முதலில் பேனாவால் எழுதுங்கள், மற்றதெல்லாம் பென்சில். மொழிக்கு 80, கணக்குக்கு 60 போனால் மிச்சம் 70 நிமிடம், அதில் தினமும் எல்லாம் வைக்க முடியாது, இன்று அறிவியல் நாளை ஓவியம் என்று மாற்றி மாற்றித்தான். சிறப்புப் பயிற்சிக்காக யாராவது வெளியே போகிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள், அந்தப் பிள்ளை ஓவியத்தையே எப்போதும் இழக்கிற மாதிரி அமைந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மனக்குறையாக இருக்கும்.

புதிய அட்டவணையில் ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

அறிகுறி: நீங்கள் லீவு போட்ட அன்று எல்லாம் குலைந்துவிட்டது

மாற்றாக வந்த ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். அட்டவணையில் பாதி சுவரில் இருக்கிறது, மீதி உங்கள் தலைக்குள் இருக்கிறது, தலை அன்று வீட்டில் இருந்தது. ஒரே ஒரு பக்கம் எழுதி மேஜை இழுப்பறையில் மேலாக வையுங்கள்: யார் கிளிப்பை இறக்குவார், கழிப்பறைக்கு எப்படி அனுப்புவது, தேக்க நேரத்தில் என்ன செய்வார்கள், யாருக்கு எப்போது மருந்து, கூட்டத்தில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. எழுதி முடித்ததும் அதை இரண்டாவது வரிசையில் இருக்கும் விவரமான பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விட்டுப்போன மூன்று விஷயத்தையாவது சொல்லும்.